உயிலங்குளத்துக்குப் போன லைற் மெசின்

கொம்பியூட்டர் கடை வச்சிருக்கிறவனிட்டச் சனம் கொம்பியூட்டரைத் தவிர மற்ற எல்லாத்தையும் கேக்கும். ரிவி ரிமோட் திருத்துவீங்களோ, வவுனியா பஸ் போட்டுதோ, இந்தக் குடையை இதில வச்சிட்டுப் போகட்டோ. கடை வச்சு, இப்பிடியான கேள்வியளுக்கு வாய் நோகப் பதில் சொல்லிச் சீரழியிற ஆக்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதிறன். மற்ற ஆக்கள் சிரிச்சிட்டுப் போங்கோ, குற்றமில்லை.

என்ரை கடை மன்னார் ரவுணில, பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட. ஊர் தாராபுரம். சின்னப் பிள்ளையா இருக்கேக்க, சண்டைக்குள்ள எங்கட முஸ்லிம் ஆக்களை ஊரை விட்டுக் கலைச்ச நேரம் சனத்தோட சனமா வெளிக்கிட்டு, புத்தளத்தில வளந்து, சண்டை முடிஞ்ச பிறகு திரும்பி வந்தனான். வந்த புதுசில போன் சார்ஜர் வித்தன், பிறகு கொம்பியூட்டர். அதிலயும் நல்லா ஓடினது, கொழும்பில பொருத்திப் பெட்டியில போட்டு வாற மலிவுக் கேம் மெசின். பக்கத்தில கண்ணாடி, உள்ளுக்குச் சிவப்பும் நீலமுமா லைற் சுத்தும். லைற்றைக் கழிச்சுப் பார்த்தால் மிச்சம் இருக்கிறது சாதாரண சாமான்தான். அது எனக்கும் தெரியும், அதை அனுப்பிற கொழும்புக்காரனுக்கும் தெரியும். சனம் அதுக்கு வச்ச பேர் லைற் மெசின். அப்பிடி வித்த ஒரு மெசின் என்னைப் படுத்தின பாட்டைச் சொல்லுறன், கேளுங்கோ.

தூக்கிப் பார்த்து வாங்கினவர்

ஒரு காலமை உயிலங்குளத்தில இருந்து புருசனும் பெஞ்சாதியுமா ரெண்டு பேர் வந்தினம். அவர் கணேசு அண்ணை, வயல் செய்யிறவர். அவ செல்வராணி அக்கா. இந்தியாவில அகதி முகாமில கன காலம் இருந்திட்டுத் திரும்பி வந்து குடியேறின ஆக்கள். அக்கா மாடு வாங்க வந்தவ மாதிரி ஒவ்வொரு மெசினையும் சுத்திச் சுத்திப் பார்த்தா. "தம்பி, விளையாடத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் இதில வந்து இருந்தால், சீ எண்டு எழும்பிப் போகக்கூடாது. அப்பிடி ஒண்டு தாங்கோ" எண்டா. நானும் மெமரி, கார்ட் எண்டு வாய் கிழிய விளங்கப்படுத்தினன். கணேசு அண்ணை ஒண்டையும் காதில விழுத்தேல்லை. எல்லாத்தையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நான் காட்டின மெசினை, "பாரமில்லை, உள்ளுக்குச் சாமான் குறைவு" எண்டு தள்ளி வச்சிட்டு, தகரத்தால கனத்த பழைய மெசின் ஒண்டைப் போய்க் கட்டிப்பிடிச்சார். யா அல்லாஹ்! அந்தப் பிடியை விடுவிக்கிறதுக்குள்ள எனக்குச் சீவன் போட்டுது.

கடைசியில ஆருக்கு மெசின் எண்டு கேட்டன். மகனுக்காம், பேர் சுதன். ஆள் எங்கை எண்டால், இந்தியாவில. முகாமிலயே பிறந்து வளந்து படிச்சு, இப்ப அங்க ஒரு போன் திருத்திற கடையில வேலை. தாய் தகப்பன் ஊருக்கு வரேக்க அவன் வரேல்லை. ஒரே பிள்ளை. கூப்பிடுற நேரமெல்லாம், "அங்க வந்து நான் என்ன பண்றது? ஒரு கேம் சென்டர்கூட கிடையாது" எண்டு சொல்லுவானாம். அக்கா அந்தச் சொல்லைக் கெட்டியாப் பிடிச்சுக்கொண்டா. கேம்தானே இல்லை எண்டவன், அதை வாங்கி வச்சிட்டுக் கூப்பிடுவம் எண்டு முடிவெடுத்து, புருசனையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறா. எனக்கு வாய் சும்மா கிடவாது. முதல்ல பெடியன் வரட்டுமே அக்கா, பிறகு மெசினைப் பார்ப்பம் எண்டிட்டன். நல்ல யாவாரிதான் நான்! அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"வெறும் வீட்டுக்கு ஆரும் வரமாட்டினம் தம்பி. முதல்ல மெசின் வரட்டும்."

வாசலில போட்ட பெட்டி

மன்னார் ரவுணில கழுதையளுக்கு இருக்கிற உரிமை எங்களுக்கு இல்லை. றோட்டுக்கு நடுவில படுக்கும், பஸ்ஸை மறிக்கும், மரக்கறிக் கடைக்காரனோட சண்டைக்குப் போகும். அக்காவுக்கு முன்னாலயே மெசினை ஓடவிட்டுக் காட்டுவம் எண்டு பெட்டியை உடைச்சு, வெறும் மட்டைப் பெட்டியை வாசலில போட்டன். லைற் சுத்தினதைப் பார்த்து கணேசு அண்ணையும் சிரிச்சார், எல்லாம் சரி எண்டு திரும்பினால், ஒரு கழுதை பெட்டியை நிண்டு ஆறுதலாச் சாப்பிடுது. நம்பர் ஒட்டியிருந்த பக்கம் முழுக்க வயித்துக்குள்ள. கணேசு அண்ணை செருப்பைக் கழட்டிக்கொண்டு கலைச்சார். அது ஓடேக்கையும் வாயில இருந்ததை விடேல்லை.

நீங்கள் சிரிப்பீங்கள். எனக்கு அதில சிரிப்பு வரேல்லை. கொழும்புக்காரன்ரை சட்டம் என்னெண்டால், பெட்டி இல்லாட்டில் வொறண்டி இல்லை. சாமான் பழுதாப் போனால் நம்பர் ஒட்டின பெட்டியோட அனுப்ப வேணும். உடனே கோல் எடுத்து நடந்ததைச் சொன்னன். எங்கட முஸ்லிம் ஆக்களை அண்ணன் முறைக்கு நானா எண்டுதான் அவன் கூப்பிடுவான். எல்லாத்தையும் கேட்டிட்டுத் தன்ரை அரைகுறைத் தமிழில, "நானா, எலி சொன்ன ஆள் இருக்கு, வெள்ளம் சொன்ன ஆள் இருக்கு, கழுதை சொன்ன ஆள் நீங்கதான்" எண்டு போனை வச்சிட்டான். நான் தலையில கைவச்சுக்கொண்டு நிக்கிறன், அக்கா மெசினைத் பையில கொண்டு வந்த சீலையொண்டால சுத்திக் கட்டிக்கொண்டு நிண்டா.

"பெட்டிதானே போனது. பிள்ளையின்ரை சாமானில பட்ட கண்ணூறு அதோட கழிஞ்சுது எண்டு நினைப்பம்."

விபூதி

புது மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ வாங்கினால் கோயிலில பூசை செய்விச்சிட்டுத்தான் சைவ ஆக்கள் ஓட்டுவினம். இவையும் போற வழியில ஓட்டோவைத் திருக்கேதீஸ்வரத்துக்கு விடச் சொல்லி, மெசினை இறக்கி, பிள்ளையின்ரை பேரில அருச்சனையும் செய்விச்சு, பூவும் சந்தனமும் வச்சிருக்கினம். அதோட விட்டிருக்கலாம். மெசினின்ரை மேல்பக்கத்தில காத்துப் போக வலை அடிச்ச ஓட்டை இருக்கெல்லோ, அது விபூதி போடத்தான் விட்ட இடம் எண்டு கணேசு அண்ணை நினைச்சுப் போட்டார். பிள்ளை வாறதுக்கெண்டு கேட்டுச் செய்யிற காரியம், கஞ்சத்தனம் பார்க்கலாமோ? கை நிறையப் போட்டிருக்கிறார்.

வீட்டை போய் சுவிச்சைத் தட்டினவுடனே ஃபேன் சுத்தி, முழு விபூதியும் அண்ணையின்ரை முகத்தில. பிறகு மெசின் மூச்சுப் பேச்சில்லை. அடுத்த நாள் விடியவே கடை வாசலில ரெண்டு பேரும். அக்காவின்ரை முகத்தைப் பார்க்க எனக்கு ஏச மனம் வரேல்லை. கழட்டினன். உள்ளுக்கு மா இடிச்ச இடம் மாதிரிக் கிடக்குது. பெயின்ற் பிறஷால மெல்ல மெல்லத் தட்டி, விழுந்ததை எல்லாம் ஒரு வெள்ளைத் தாளில சேர்த்தன். அதைக் குப்பையில போட எனக்கு எப்பிடி மனம் வரும்? மடிச்சு அக்காவின்ரை கையில குடுத்தன். வாங்கிக் கண்ணில ஒத்திக்கொண்டா. என்ரை கண்ணும் கலங்கினதுதான், மறைப்பானேன்.

அந்த நேரம் கடையில பேசாலைச் சூசை அண்ணை இருந்தார், கடல் தொழிலாளி. அவர் ஏற்கெனவே என்னட்டை ஏச்சு வாங்கினவர். உப்புக் காத்துக்கு இரும்பு கறள் பிடிக்கும் எண்டு, வள்ளத்து எஞ்சினுக்குப் பூசிற மாதிரித் தன்ரை மகளின்ரை கொம்பியூட்டருக்குள்ள வயர் பூட்டிற இடமெல்லாம் கிறீஸ் பூசிவிட்ட பெரிய மனிசன். நான் அதைத் துடைச்செடுக்க ஒரு கிழமை போனது. அவர் அக்காவுக்குக் கிட்ட வந்து ஆறுதல் சொன்னார்.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. என்ரை மெசின் கிறீஸில குளிச்சே எழும்பினது, உங்கடை வெறும் விபூதிதானே."

தண்ணிப் பம்பு மாதிரி

எழும்பினதுதான். ஆனா பெடியன் வரேல்லை. "பாக்கலாம், பாக்கலாம்" எண்டு சொல்லிக்கொண்டிருந்தான். இன்ரநெற் பூட்டிவிட ஒருக்கா உயிலங்குளத்துக்குப் போனன். மெசின் மேசையில, மேல சீலை, முன்னுக்கு ஒரு புதுக் கதிரை. கதிரையில ஆளில்லை. பாவிக்காமல் விட்டால் தண்ணிப் பம்பு இறுகிப் போகும்தானே, அதே மாதிரி கணேசு அண்ணை ஒவ்வொரு விடியவும் மெசினை ஸ்ராட் பண்ணி, லைற் சுத்திறதைப் பார்த்திட்டு நிப்பாட்டிறார். அந்தக் கதிரையைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரிப் போச்சுது. சும்மா கிடக்கிற மெசின்தானே எண்டு ஒரு வயல் விளையாட்டைப் போட்டுவிட்டன். உழவு மெசின் ஓட்டி உழுது, விதைச்சு, வெட்ட வேணும். வேற வேற ஊரில இருக்கிற ரெண்டு பேர் ஒரே வயலில சேர்ந்தும் விளையாடலாம். அக்காவிட்ட நம்பர் வாங்கிச் சுதனுக்கு போன் பண்ணி, உங்கட கேம் சென்டரில இருந்தே இந்த வயலுக்கு வாரும் எண்டன். அவனும் சிரிச்சுக்கொண்டு விளையாட்டுக்குள்ள வந்தான்.

கணேசு அண்ணைக்கு விளையாட்டுப் பிடிக்கேல்லை. "குளத்தில தண்ணி திறக்கேல்லை, வரம்பு கட்டேல்லை, என்ன உழவு இது, பைத்தியக்காரங்கள்" எண்டு எழும்பி உண்மையான வயலுக்குப் போட்டார். மவுசைப் பிடிச்சது செல்வராணி அக்கா. காதில ஹெட்செற். உழவு மெசினை நேர ஓட்டிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டிலில மோதிப்போட்டா. "அம்மா! லெஃப்ட்ல ஒடி! லெஃப்ட்டு! ஐயோ, அம்மா!" எண்டு பெடியன் கத்திறது எனக்கே கேட்டுது. அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறா. வழமையா அவையின்ரை போன் கதை எப்பிடி எண்டால், சாப்பிட்டியோ, சாப்ட்டேன், வேறை என்ன, ஒண்ணுமில்ல, வை. அவ்வளவுதான். அண்டைக்குப் பொழுதுபடுமட்டும் தாயும் மகனும் சோளம் விதைச்சினம். இடையில அவன் முதலாளியைப் பற்றிச் சொன்னான், காய்ச்சல் வந்து தனிய கிடந்ததைச் சொன்னான். ஹெட்செற்றைக் கழட்டின அக்கா அதை மடியில வச்சுக்கொண்டு என்னைப் பார்த்தா.

"இவன் இவ்வளவு கதைப்பான் எண்டு எனக்குத் தெரியாது தம்பி."

இந்தியாவில இருந்து ஒரு முறைப்பாடு

அதுக்குப் பிறகு ஞாயித்துக்கிழமை எண்டால் தாயும் மகனும் வயலில. ஒரு நாள் கடைக்கு இந்தியா நம்பரில இருந்து கோல். எடுத்தால் சுதன். வணக்கமும் இல்லை, சுகமும் விசாரிக்கேல்லை. "அண்ணே, எங்கம்மாவுக்கு என்ன பவர் சப்ளை போட்டு வித்தீங்க? சாயங்காலம் ஆனா மெசின் தானா ஆஃப் ஆகுதாம். லைட்டுக்குச் செலவு பண்ணினவன் அதுக்குப் பண்ணலையா?" எண்டு துவங்கினான். மெசினுக்குள்ள கரண்ட் குடுக்கிற சாமானைத்தான் சொல்லுறான். எனக்குக் கோவம் ஏறிச்சுது. உயிலங்குளத்தில பின்னேரம் கரண்ட் குறையுது, அதுக்கு நான் என்ன செய்ய எண்டன். அதைத் தாங்கிற சாமானா குடுக்கணும் எண்டான். நான் ஒண்டு சொல்ல, அவன் ஒம்பது சொல்ல, பிடரி சுடச் சுடச் சண்டை. கடைசியில, "அவ்வளவு கரிசனை எண்டால் நீரே வந்து கழட்டிப் பாருமன்!" எண்டு கத்திப்போட்டன்.

அவன்ரை கத்தல் நிண்டுது. பிறகு மெதுவா, "வந்தா அங்க எனக்கு யாரத் தெரியும்ணே? பொறந்ததே இங்கதான். என் பேச்சைக் கேட்டே சிரிப்பாங்க" எண்டான். என்ரை கோவம் எங்க போச்சுதெண்டு தெரியாது. அட, கேம் சென்டரும் இல்லை ஒண்டுமில்லை, பெடியனுக்குப் பயம். அது எனக்குத் தெரிஞ்ச பயம். நான் தாராபுரத்துக்குத் திரும்பி வந்த நேரம் என்ரை வாப்பாவின்ரை வளவுக்கே வழி விசாரிச்சுத்தான் போனனான், என்ரை புத்தளப் பேச்சைக் கேட்டுச் சனம் சிரிச்சதுதான், சிரிச்ச ஆக்கள்தான் முதல் சார்ஜரையும் வாங்கினது எண்டு சொன்னன். கேட்டுக்கொண்டிருந்தான். வாறன் எண்டும் சொல்லேல்லை, வரமாட்டன் எண்டும் சொல்லேல்லை.

"சரிண்ணே. அந்த பவர் சப்ளைய மட்டும் மாத்திடுங்க, அது கண்டிப்பா எரிஞ்சிடும்."

சாட்சி

எரிஞ்சுது. பெடியன்ரை வாயில என்ன இருந்ததோ, சோளம் வெட்டிக்கொண்டிருக்கேக்க ஒரு மணம், கொஞ்சப் புகை, மெசின் செத்துப் போச்சுது. அக்கா கடைக்கு வந்து நிண்ட நிலையைச் சொல்ல ஏலாது. மெசினை விட, பேச்சு நிண்டதுதான் அவவுக்குத் துக்கம். போனில திருப்பியும் சாப்பிட்டியோ, சாப்ட்டேன் எண்டு வந்திட்டுதாம். கதை பேச்சு இல்லாத வீட்டுக்கு அவன் வரவே மாட்டான் எண்டு அழுதா. நான் கொழும்புக்குக் கோல் எடுத்தால், அவன் பழைய பல்லவி: பெட்டியை அனுப்பு நானா. பெட்டி எங்கை, கழுதையின்ரை வயித்துக்கு அப்பாலயும் போய்க் கன நாளாச்சுது!

அல்லாஹ் கைவிடேல்லை. அந்தக் கிழமை புதுச் சாமான் வந்து இறங்க, நான் பெட்டியளை வாசலில அடுக்க, அதே கழுதை வந்துது. காதில ஒரு வெட்டு இருக்கும், எனக்கு நல்லாத் தெரியும். கலைக்கப் போன நான் சட்டெண்டு நிண்டன். போனை எடுத்து, அது கொழும்புக்காரன்ரை பேர் அடிச்ச பெட்டியை வாய் நிறைய அரைக்கிறதை ஆறுதலா வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பினன். கொஞ்ச நேரத்தில கோல். சிரிப்பில அவனுக்குப் பேச வருகுதில்லை. கந்தோரில வேலை செய்யிற எல்லாரும் கூடி நிண்டு பார்க்கினமாம்.

"நானா, புது பவர் சப்ளை நாளைக்கே பஸ்ஸில வாறது. கழுதைக்கு என்ட சலாம் சொல்லுங்க."

தொட வேண்டாம்

சாமான் வந்தவுடனே கடையைப் பூட்டிப்போட்டு உயிலங்குளத்துக்கு ஓடினன். இந்த முறை மலிவு இல்லை, பாரமானது. கணேசு அண்ணை கையில வாங்கித் தூக்கிப் பார்த்து, "இது சாமான்" எண்டு தலையாட்டினார். நான் மெசினுக்கு முன்னால போய் இருந்து ஆணி கழட்டிற கம்பியை எடுக்க, செல்வராணி அக்கா ஓடி வந்து என்ரை கையைப் பிடிச்சா. முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில தண்ணி. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

அக்கா கடையில அழுதிட்டுப் போன பிறகு பெடியன் ஒவ்வொரு நாளும் போன் பண்ணி, என்ன மணம் வந்தது, எந்தப் பக்கத்தில புகை வந்தது எண்டு விசாரிச்சிருக்கிறான். அக்காவுக்குச் சொல்லத் தெரியேல்லை. கணேசு அண்ணை சொன்னது அதை விட மோசம். ஒரு கட்டத்தில பெடியனுக்குப் பொறுமை போட்டுது. முதலாளியிட்டச் சொல்லி, ஊருக்குத் திரும்பிறதுக்கு வேண்டிய அலுவலெல்லாம் துவங்கி, பிளேனுக்கும் பதிஞ்சிட்டானாம்.

"வைச்சிட்டுப் போங்கோ தம்பி. அந்தக் கடைக்கார அண்ணன் தொட்டா மறுபடி எரியும், நான் வந்து மாத்துறேன், யாரும் கை வைக்காதீங்கன்னு சுதன் சொன்னவன்."

ரெண்டாவது மெசின்

வந்தான். மெல்லிசான, நெட்டையான பெடியன். வீட்டை வந்து தாயைக் கட்டிப்பிடிச்சு அழுது முடிச்ச கையோட மெசினைத் திறந்திருக்கிறான். மூலையில வெள்ளையாக் கிடந்ததைப் பார்த்திட்டு, "உள்ள யாருப்பா பவுடர் கொட்டினது?" எண்டு கேட்க, கணேசு அண்ணை வயலுக்கு நழுவிட்டாராம். இப்ப சுதன் என்ரை கடையில பின்மேசையில இருந்து போன் திருத்திறான். அவன்ரை இந்தியப் பேச்சைக் கேக்கவே சூசை அண்ணை பேசாலையில இருந்து வேலை மினைக்கெட்டு வந்து கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். சிரிக்கிறதுதான். பெடியனும் சேர்ந்து சிரிக்கிறான். நான் கொழும்புக்கு ஓடர் குடுக்கேக்க, எந்தப் பவர் சப்ளை எண்டு அவனிட்டக் கேக்காமல் குடுக்க ஏலாது. என்ரை கடையில எனக்கே வாய் இல்லை!

போன கிழமை செல்வராணி அக்கா தனிய கடைக்கு வந்தா. மகன் வெளியில தேத்தண்ணிக்குப் போன நேரம் பார்த்து வந்திருக்கிறா எண்டு பிறகுதான் விளங்கிச்சுது. என்ன அக்கா, மெசின் திருப்பியும் எரிஞ்சுதோ எண்டு கேட்டன். இல்லை எண்டு தலையாட்டிப்போட்டு, அங்க இங்க பார்த்து, எனக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னா.

"எனக்கெண்டு இன்னொரு மெசின் வேணும் தம்பி, அவன் வந்த நாளில இருந்து என்னை அந்தக் கதிரையில இருக்க விடுறானில்லை, என்ரை சோளம் முழுக்க வெட்டாமல் கிடக்குது."

நல்ல பவர் சப்ளை போட்டு வித்திருந்தால் அந்தப் பெடியன் இண்டைக்கும் இந்தியாவிலதான் இருந்திருப்பான் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியிற நான், அக்காவின்ரை ரெண்டாவது மெசினுக்கு மட்டும் திறமான சாமானாப் போட்டுக் குடுத்திட்டன், ஏனெண்டால் அந்த வீட்டுக்கு வரவேண்டிய ஆள் வந்து சேர்ந்திட்டான்.